வேப்பம் பலகை, தேக்கு உத்திரம்: பட்டறை மேசையோடு சில வருடங்கள்

காட்பாடியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம்தான் என் பட்டறை. அங்கே நிற்கும் தச்சு மேசை ஆறடி நீளம், இரண்டடி அகலம். கால்கள் குடியாத்தம் பக்கம் இடித்த ஓட்டு வீட்டு உத்திரத் தேக்கு. மேல் பலகை மூன்று அங்குல ஊர் வேம்பு. செய்து முடித்தபோது இரண்டும் ஒன்றுபோல உறுதியாகத்தான் தெரிந்தன. வித்தியாசத்தை வெயிலும் மழையும் மெதுவாகக் காட்டின.

தேக்குக் கால்கள் இன்றுவரை ஒரு நூல்கூட அசையவில்லை. கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் மர முனை, வைத்த இடத்தில் இடைவெளி விழவில்லை. பல வருடம் கூரைக்கடியில் காய்ந்த மரம் அது. சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கிவிட்டது. இப்படிப்பட்ட உத்திரங்களை விறகு எடைக்குத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய்க் கேளுங்கள்.

வேம்பு வேறு சுபாவம். நம் ஊரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். மரம் நீளவாக்கில் பெரிதாக மாறாது, அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். அக்னி நட்சத்திரத்தில் பலகைகளுக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழைகிறது. அடைமழையில் காகிதம்கூட நுழைவதில்லை. இதை எதிர்பார்த்தே முன்பக்க போல்ட்டுகளை மட்டும் இறுக்கி, பின்பக்கத்துக்கு நீள்துளை விட்டேன். பலகை இஷ்டப்படி நகர்கிறது, பிளக்கவில்லை. நான்கு பக்கமும் இறுக்கியிருந்தால் முதல் கோடையிலேயே வெடித்திருக்கும்.

வேம்பில் ரேகை ஒரு பட்டை இப்படி, அடுத்த பட்டை அப்படி ஓடும். நேராக இழைத்தால் பிய்ந்து வரும். "குறுக்க ஓட்டுங்க தம்பி, அப்புறம் நெடுக்க மெல்லிசா எடுங்க" என்று பக்கத்துத் தெரு ஆசாரி சொன்னார். இழைப்புளியைக் கூராக வைத்து அப்படியே செய்கிறேன், மேசை சமமாக நிற்கிறது. பூச்சி இதுவரை தொடவில்லை.

அடி தாங்கும் இடத்துக்குப் புளியை மிஞ்ச ஒன்று கிடையாது. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் தாடையும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலின் தலையும் புளியின் வைரம், அதாவது உள்மரம்தான். ஆனால் வெளிப்பக்க வெள்ளையை விட்டுவைத்தால் வண்டு துளைத்து மாவு மாவாகக் கொட்டும். வெட்டி எறிந்துவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

பலகை அடுக்குக்கு ராணிப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பைன் போதும். பேலட் முத்திரையில் ஹெச்.டி. (HT) என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகை போட்டது, அதை நான் எடுப்பதில்லை. தோல் தொழிற்சாலையிலிருந்து வந்த, கறை படிந்த பேலட்டும் வேண்டாம். என்ன ரசாயனம் ஊறியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

பழைய கதவு, ஜன்னல் வாங்குபவர்கள் பெயின்ட்டைக் கவனிக்க வேண்டும். பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்க்காதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அதேபோல, ரம்பம் வைக்கும் முன் ஒரு காந்தத்தை மரம் முழுக்க ஓட்டிவிடுங்கள். தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணிகளை அது காட்டிக்கொடுக்கும்.

கரையானுக்காக ஒவ்வொரு கால் அடியிலும் கிரானைட் துண்டு வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால், ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு. பராமரிப்பு அவ்வளவுதான்.

அடுத்து ஒரு வாகைப் பலகை காய்ந்துகொண்டிருக்கிறது. அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது காற்றில் உலர்த்தும் பழைய கணக்கு. வெயில் சீக்கிரம் உறிஞ்சி முனைகள் வெடிக்காமல் இருக்க இரு முனையிலும் பெயின்ட் அடித்து, நிழலில் கட்டை கொடுத்து அடுக்கியிருக்கிறேன். வாகைத் தூள் விடாமல் தும்மல் வரவைக்கும், அதனால் அதை அறுப்பது திறந்த வெளியில்தான்.