ஃபர்ம்வேர் அப்டேட் போட்டதும் வைஃபை படுத்துகிறதா? நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மூவாயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும் இரட்டை பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும்) வைஃபை 6 ரூட்டர் மதுரையில் ஒரு நடுத்தர வீட்டுக்குத் தாராளமாகப் போதும். நாலைந்து போன், டிவி, லேப்டாப், வாசலில் ஒரு கேமரா எல்லாவற்றையும் வருடக்கணக்கில் தாங்குகிறது. அது தகராறு செய்வது பெரும்பாலும் ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் ஏறிய மறுநாள்தான். கேமரா ஆஃப்லைன் என்று காட்டும், பழைய போனில் பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் இணையாது, மாடி அறை டிவி சுற்றிக்கொண்டே இருக்கும். அப்டேட் ரூட்டரையே கெடுத்துவிட்டது என்று பலரும் பழைய பதிப்பைத் தேடி ஓடுகிறார்கள். அதற்கு அவசியமே இருப்பதில்லை. புதிய பதிப்பு நம்மைக் கேட்காமல் நாலைந்து செட்டிங்குகளை மாற்றியிருக்கும். எது மாறியது என்று பிடித்துவிட்டால் அதே ரூட்டர் முன்பைவிட நன்றாகவே ஓடும்.

முதலில் லைன் கோளாறா, வைஃபை கோளாறா என்று பிரித்துவிட வேண்டும். கேபிள்காரரைக் கூப்பிட்டால் "லைன்ல ஒன்னும் இல்லண்ணே, உங்க ரூட்டர்லதான்" என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் இரண்டு நிமிடத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பை வைஃபையில் இணைத்து, ஒரு கமாண்ட் ஜன்னலில் ரூட்டரின் முகவரிக்கும் (192.168.0.1 அல்லது 192.168.1.1) இன்னொன்றில் 8.8.8.8 என்ற வெளிமுகவரிக்கும் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். ரூட்டருக்குப் போகும் பிங் பத்து மில்லி செகண்டுக்குள் சீராக இருந்து வெளிமுகவரி மட்டும் அறுந்தால் லைன்தான். ஃபைபர் லைன் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா, அதன் செட்டிங் பக்கத்தில் காட்டும் ஒளி அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு) கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டருக்கே 200, 300 என்று தாவி இடையிடையே பதிலே வராமல் போனால் கோளாறு வைஃபையில்.

கூடவே ரூட்டரின் நிலைப் பக்கத்தில், அது எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற கணக்கையும் பாருங்கள். வைஃபை அறுந்த சமயத்திலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்குகிறது என்றால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. பெரும்பாலும் அது கரண்ட் விஷயம். அதைப் பிறகு பார்ப்போம்.

அப்டேட்டுக்குப் பின் அதிகம் படுத்துவது ஸ்மார்ட் கனெக்ட் என்ற வசதி. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்து, எந்தச் சாதனத்தை எதில் விடுவது என்று ரூட்டரே முடிவு செய்யும். முன்பு இரண்டு பெயர் வைத்திருந்தால், அப்டேட் இதை ஆன் செய்ததும் ஒரு பெயர் காணாமல் போகும். அந்தப் பெயரைச் சேமித்து வைத்திருந்த சாதனங்கள் அத்தனையும் அந்தரத்தில் நிற்கும். வாசல் கேமராவுக்கும் ஸ்மார்ட் பிளக்குக்கும் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் தெரியும். கேமராவைத் திரும்பச் சேர்க்கப் போனால், அதன் செயலி போனும் 2.4-இல் இருக்க வேண்டும் என்று கேட்கும். போனோ அதே பெயரில் 5-க்குத் தாவி நிற்கும். ஸ்மார்ட் கனெக்டை அணைத்து, 2.4-க்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் கொடுத்து, 5-க்குத் தனிப் பெயர் வையுங்கள். கேமராவை ஏணி போட்டு ஏறித் தொடாமலே அது தானாக வந்து சேரும். எல்லாமே புதுச் சாதனங்களாக இருக்கும் வீட்டில் ஒரே பெயர் வசதிதான். கேமராவும் பிளக்கும் உள்ள வீட்டில் இரண்டு பெயர்தான் நிம்மதி.

அடுத்தது பாஸ்வேர்டைச் சரிபார்த்துத் தரவைப் பூட்டும் பாதுகாப்பு முறை. 2020 ஜூலை முதல் வைஃபை சான்றிதழ் பெறும் புதுச் சாதனங்களுக்கு டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை கட்டாயம். அதனால் புதிய ஃபர்ம்வேர்கள் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றிவைக்கின்றன. கலப்பு முறை பழைய சாதனங்களையும் ஏற்க வேண்டும். ஆனால் சில பழைய போன்களும் பிரிண்டர்களும் ரூட்டர் அனுப்பும் கலப்பு முறை அறிவிப்பையே புரிந்துகொள்ளாமல் திணறுகின்றன. பாஸ்வேர்டு தவறு என்று அவை சொல்வது இதனால்தான். 2.4-இல் டபிள்யூபிஏ2-வும் ஏஇஎஸ் என்ற குறியாக்கமும் மட்டும் வைத்து, 5-இல் கலப்பு முறையை அப்படியே விட்டுவிடுங்கள். டிகேஐபி என்று ஒரு பழைய குறியாக்கத் தெரிவு இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. முறையை மாற்றிய பின் போனில் அந்தப் பெயரை மறக்கச் சொல்லி மறுபடி இணைக்க வேண்டும்.

மேக் முகவரியை (சாதனத்தின் அடையாள எண்) பார்த்து உள்ளே விடும் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. அதனால் பெயரை மாற்றினால் போனின் முகவரியும் மாறும், பழைய பட்டியல் அதை உள்ளே விடாது.

சேனல், அதாவது அலைவரிசைக்குள் ரூட்டர் பிடிக்கும் தனித் தடம், அந்த விஷயம்தான் மதுரையில் எல்லாவற்றையும்விட முக்கியம். மாசி வீதிகள், ஆவணி மூல வீதிகள் பக்கம் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், ஒரே சுவரை இரண்டு வீடு பகிர்ந்திருக்கும். போனில் ஒரு வைஃபை ஸ்கேன் செயலியைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்கள் இருபது முப்பது வந்து நிற்பது சாதாரணம். அப்டேட் 2.4-இன் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸுக்கோ ஆட்டோவுக்கோ மாற்றியிருந்தால் அந்த நெரிசலில் பாதிக்கு மேற்பட்ட இடத்தை உங்கள் ரூட்டர் ஒன்றே அடைத்துக்கொண்டு, எல்லோருடைய இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். 20-க்கு இறக்குங்கள். சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 3 காலியாகத் தெரிகிறதே என்று அதற்குப் போகிறவர்கள் நிறைய. ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறைவைத்துப் பேசும். 3-இல் இருக்கும் ரூட்டர் 1-க்கும் 6-க்கும் வெறும் இரைச்சல், அவை இரண்டும் அதற்கு இரைச்சல். கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11-தான் நல்லது. அப்டேட்டில் நாட்டுத் தேர்வும் மாறியிருக்கலாம். ரூட்டர் 13-க்குப் போய்விட்டால் வெளிநாட்டிலிருந்து வந்த சில லேப்டாப்புகளுக்குப் பெயரே தெரியாது. நாடு இந்தியா என்று இருக்கிறதா, சேனல் 1, 6, 11-இல்தான் நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 2018 அக்டோபரில் மத்திய அரசு கூடுதல் அலைவரிசைகளை உரிமமின்றித் திறந்துவிட்ட பிறகு இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களில் ரேடாருக்கு வழிவிட வேண்டும். ரூட்டர் அங்கே உட்காரும் முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். 5 கிகாஹெர்ட்ஸ் விளக்கு அந்த நேரம் முழுக்க அணைந்தே இருக்கும், பெயரும் தெரியாது. ரேடார் போன்ற சிக்னல் எதையாவது கேட்டால் ஓட்டத்தின் நடுவே சேனலை விட்டு வெளியேறி, அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பாது. புதிய ஃபர்ம்வேர் அகலத்தை 160-க்கு உயர்த்தியிருந்தால், 36-இல் தொடங்கினாலும் 64 வரை நீண்டு ரேடார் சேனல்களை இழுத்துக்கொள்ளும். திடீர் திடீரென்று 5 மட்டும் மறைந்து வருவதற்கு இதுதான் முதல் சந்தேகம். அகலத்தை 80-க்கு இறக்கி, சேனல் 36 அல்லது 149 வைத்தால் அந்தத் தொல்லை நின்றுவிடும். 100 எம்பிபிஎஸ் லைனுக்கு 160 எந்தப் பலனும் தராது, பல போன்கள் அதைப் பயன்படுத்தவே மாட்டா.

சிக்னல் அளவையும் எண்ணாகப் பாருங்கள். மைனஸ் 60 டிபிஎம் வரை நல்லது, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 75-க்குக் கீழே போனால் எந்த செட்டிங்கும் உதவாது. இரும்பு பீரோவின் மேலோ, பின்னாலோ ரூட்டரை வைத்திருக்கும் வீடுகள் நம்மூரில் ஏராளம். அந்தத் தகடு ஒரு பக்கத்தை முழுசாக மறைத்துவிடும். பீரோவிலிருந்து எடுத்து நடு அறைச் சுவரில் ஆள் உயரத்தில் மாட்டுவது பத்து செட்டிங்குக்குச் சமம்.

இனி கரண்ட். ஓஎன்டியையும் ரூட்டரையும் ஒரே 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில் மாட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 2 ஆம்பியர் கொடுக்கும் திறன் அதற்கு வேண்டும். பழைய அடாப்டரோ, களைத்த பேட்டரியோ சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். ரூட்டரின் வைஃபை ரேடியோ முழு வேகத்தில் ஓடும்போது அளந்தால் 11.4-க்குக் கீழே விழுந்திருக்கும். அந்த நொடியில்தான் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. இன்னும் ஒரு சோதனை: நடுப் பின் 2.1 மில்லிமீட்டர் உள்ள ஜாக்கில் உள்துளை 2.5 உள்ள பிளக்கை மாட்டியிருந்தால் லேசாகத் தொட்டாலே அறுக்கும். வெயிலும் சேரும். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி வரைதான் உத்தரவாதம் தருகின்றன. அக்னி நட்சத்திரத்தில் ஓடு வேய்ந்த மாடி அறை அதை எளிதாகத் தாண்டும்.

அப்டேட்டை முறையாகப் போடுவது எப்படி என்றால், முதலில் ரூட்டரைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன் 1, 2 என்று இருக்கும். உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம் என்பதால் மற்ற வெர்ஷனின் கோப்பு ரூட்டரைச் சாகடிக்கும். லைனில் உள்நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயர், பாஸ்வேர்டு, நிறுவனம் தந்த விலான் எண் (லைனைப் பிரித்துக்காட்டும் எண்) உள்ள பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேன் கேபிளில் இணைத்து, கோப்பை ஏற்றி, பத்து நிமிடம் தொடாதீர்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் வேண்டாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் ஏறியதும் ரீசெட் துளையைப் பத்து விநாடி அழுத்தி, எல்லாவற்றையும் கையால் புதிதாக இடுவதே சரி. பழைய பேக்கப் கோப்பைத் திரும்ப ஏற்றினால் பழைய குளறுபடிகளும் கூடவே வந்துவிடும். ரீசெட்டுக்குப் பின் ரூட்டரும் ஓஎன்டியும் இரண்டுமே 192.168.1.1 என்று நின்று இன்டர்நெட் வராமல் போகலாம். ரூட்டரை 192.168.50.1 என்று மாற்றினால் வரும்.

ஓஎன்டியே வைஃபையும் தருகிற ஒற்றைப் பெட்டி வீடுகளில் அப்டேட்டை நிறுவனமே தொலைவிலிருந்து இரவில் ஏற்றிவிடும். அங்கே மேலே சொன்ன செட்டிங்குகள் பாதி பூட்டியிருக்கும். பெட்டியை, லைனை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, சொந்த ரூட்டரைப் போடுவதே நிலையான வழி.

பழைய பதிப்புக்குத் திரும்புவதைக் கடைசி வழியாக வையுங்கள். 2017-இல் வெளியான கிராக், 2021-இல் வெளியான ஃப்ராக் அட்டாக்ஸ் போன்ற வைஃபை ஓட்டைகளை அடைத்தது இந்த அப்டேட்டுகள்தான். பழையதைப் போட்டால் அந்த ஓட்டைகள் திரும்பத் திறக்கும். ரூட்டர் எழவே இல்லையென்றால் பல மாடல்களில் மீட்பு வழி உண்டு. உதாரணமாக டிபி-லிங்க் ஆர்ச்சர் வரிசையில் பலவற்றுக்கு, கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரி கொடுத்து, கோப்பு அனுப்பும் டிஎஃப்டிபி சர்வர் மென்பொருளில் சரியான பெயரில் கோப்பை வைத்து, ரீசெட்டை அழுத்தியபடி ரூட்டரை ஆன் செய்தால் அதுவே இழுத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், வாரன்டி இருக்கும்வரை கழற்றாமல் பில்லோடு சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.