நிக்கோலாயா, கர்க்ஜியானா? பெர்ஃப்யூமரே கடை திறந்தால் என்ன கிடைக்கும்

கடையில் நாம் பார்க்கும் டிசைனர் சென்ட்டுகளில் பெரும்பாலானவற்றை, குப்பியின் மேல் பெயர் போட்டிருப்பவர் செய்வதில்லை. கிவோடான், ஃபிர்மெனிக், ஐஎஃப்எஃப் போன்ற வாசனைக் கலவை தயாரிக்கும் நிறுவனங்களுக்கு பிராண்டிடமிருந்து ஒரு குறிப்பு வரும். எந்த வயதினருக்கு, எந்த மாதிரி வாசனை, கலவை எண்ணெய் கிலோ என்ன விலைக்குள் அடங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யும் பெர்ஃப்யூமர்கள், அதாவது வாசனை கலப்பவர்கள், போட்டி போட்டுக்கொண்டு கலந்து அனுப்புவார்கள். ஒன்று தேறும், மற்றவை அலமாரிக்குப் போகும்.

இந்த ஏற்பாட்டில் பழுத்த ஒருவர் வெளியே வந்து தன் பெயரிலேயே கடை திறந்தால்? பாரிஸில் அதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. ஒன்று, பத்ரீசியா த நிக்கோலாய் 1989இல் தன் கணவருடன் தொடங்கியது. இன்னொன்று, பிரான்சிஸ் கர்க்ஜியான் 2009இல் மார்க் ஷாயாவுடன் தொடங்கியது. இருவரும் வெர்சாயில் உள்ள இசிப்கா என்ற வாசனைப் பள்ளியில் படித்தவர்கள். அதற்குப் பிறகு வழிகள் பிரிந்துவிட்டன.

நிக்கோலாய், பழைய பிரெஞ்சு சென்ட் நிறுவனமான கெர்லானின் குடும்பத்து வாரிசு. 1988இல் பிரெஞ்சு பெர்ஃப்யூமர் சங்கத்தின் இளம் பெர்ஃப்யூமர் பரிசு அவருக்குக் கிடைத்தது; அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவரைப் புரிந்துகொள்ள இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வெர்சாயில் ஆஸ்மோதெக் என்று ஒரு வாசனைக் காப்பகம் இருக்கிறது. சந்தையிலிருந்து மறைந்துபோன பழைய சென்ட்டுகளை மூலச் செய்முறைப்படி மறுபடி கலந்து, ஆர்கான் வாயு நிரப்பி, 12 டிகிரி குளிரில் காப்பாற்றி வைக்கிறார்கள். அந்தக் காப்பகத்துக்கு நிக்கோலாய் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். பழைய பிரெஞ்சுக் கட்டுமானம் அவர் கையில் ஊறிப்போனது. 1989இல் வந்த 'நியூயார்க்'கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல். பின்னால் கிராம்பு, மிளகு மாதிரி ஒரு காரம். நேரம் போகப் போக வனிலாவும், அம்பர் என்று சொல்லும் இனிப்பான பிசின் மணமும், மரவாசமும் மெல்ல மேலே வரும். காலையில் போட்டதும் மாலையில் மிஞ்சுவதும் வேறு வேறு, ஆனால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்று சொல்ல முடியாது. எனக்கு இதுதான் பெர்ஃப்யூமரின் உண்மையான வேலை என்று தோன்றும்.

கர்க்ஜியானின் வழி வேறு. 1995இல் ஆடை வடிவமைப்பாளர் ழான் பால் கோத்தியேவுக்கு 'லெ மால்' செய்தபோது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான். உலகமே வாங்கிய சென்ட் அது. சொந்தக் கடைக்கு வந்த பிறகும் ஒரே மூச்சில் பிடிபடும் தெளிவை அவர் விடவில்லை. 'பாக்கரா ரூஜ் 540' அதன் உச்சம். பாக்கரா கண்ணாடி நிறுவனத்தின் 250ஆவது ஆண்டுக்காக முதலில் 250 குப்பிகள் மட்டுமே செய்தார்கள். பிறகு 2015இல் கடையின் வரிசையிலேயே சேர்ந்தது. 540 என்பது பாக்கராவின் தங்கம் கலந்த சிவப்புக் கண்ணாடிக்கான வெப்ப அளவு. பஞ்சுமிட்டாய் மணம் தரும் எத்தில் மால்ட்டால், குங்குமப்பூ, அம்பர்கிரிஸ் மணம் தரும் செயற்கைப் பொருளான அம்ப்ராக்ஸான், கொஞ்சம் மல்லிகைக் காற்று, அவ்வளவுதான். சில பொருட்களை வைத்தே இவ்வளவு பெரிய வீச்சைக் கொண்டுவருவது அசாத்தியமான திறமை. ஆனால் முதல் நிமிடம் எப்படியோ ஐந்தாவது மணி நேரமும் ஏறக்குறைய அப்படியே. சிலருக்கு அதுவே வேண்டும். அப்புறம், நகல்கள் எக்கச்சக்கமாக வந்துவிட்டதால் எந்த மாலுக்குப் போனாலும் அந்த வாசனை எதிர்ப்படுகிறது. தனித்துவத்துக்காகக் காசு கொடுப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

சரி, சொந்தக் கடை தரும் சுதந்திரம் என்ற பேச்சுக்கு வருவோம். கர்க்ஜியானின் நிறுவனம் 2017இல் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்திடம் போனது. 2021 முதல் அவர் அதே குழுமத்தின் டியோருக்கும் வாசனைப் படைப்பு இயக்குநர். அதனால் சரக்கின் தரம் இறங்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2016இல் வந்த 'கிராண்ட் ஸ்வார்' இன்றும் அருமையான அம்பர். ஆனால் விலையில் ஆடம்பரப் பொருளின் கணக்கு தெரிகிறது. நிக்கோலாய் குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது. குப்பி அலங்காரத்தில் பெரிய செலவில்லை, 30 மி.லி. அளவிலும் தருகிறார்கள். கர்க்ஜியானின் 70 மி.லி. குப்பி ஒன்றின் காசுக்கு இங்கே மூன்று நான்கு சின்னக் குப்பிகள் வாங்கிவிடலாம். மூன்று வெவ்வேறு மனநிலைக்கு மூன்று வாசனை! எனக்கு இதில் சந்தேகமே இல்லை: வாசனை மேல் ஆசை வந்து கற்றுக்கொள்ள நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் நிக்கோலாய்தான்.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியரான கெஸா ஷோன், 2006இல் எசென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் தொடங்கினார். அவரது 'மாலிக்யூல் 01'இல் இருக்கும் வாசனைப்பொருள் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கைப் பொருள் ஒன்றே ஒன்று, தேவதாரு மாதிரி மெல்லிய மரவாசம். போட்டவருக்கே சில நேரம் மணக்காது, திடீரென்று வரும், மறுபடி மறையும். யோசனை துணிச்சலானது, மதிக்கிறேன். ஆனால் அந்தப் பொருள் தனியாகவே சந்தையில் மலிவாகக் கிடைக்கும்போது முழு விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'பாக்கரா ரூஜ்' புழுக்கத்தில் பூதம் மாதிரி பரவும். மூடிய ஏசி அறையில் ஒரு தடவை அடித்தாலே பக்கத்து மேஜைக்காரர் முகம் சுளிக்கலாம். கர்க்ஜியானிடமே வாங்குவதென்றால் பகலுக்கு 'அக்வா யுனிவர்சாலிஸ்' பாருங்கள், துவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணியின் சுத்தம் அதில் இருக்கிறது. நிக்கோலாயில் 'ஃபிக் டீ' கோடைக்கு நன்றாகப் பொருந்தும். 'நியூயார்க்'கை மட்டும் மழைக்காலத்திலோ மார்கழியிலோ முதன்முதலாகப் போட்டுப் பாருங்கள். காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். சாம்பிள் வாங்கி முழங்கையில் அடித்து, ஒரு பகல் முழுக்கக் கூடவே வைத்திருங்கள்.