வெல்டரை வைத்துச் செய்த வீட்டு வேலைகள்: எட்டு வருடம் கழித்து

மூன்றாம் வருடத்தில் ஒருநாள், கேட்டின் அடிப்பைப்பில் பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரால் சும்மா குத்திப் பார்த்தேன். உள்ளே போய்விட்டது. உருவியதும் பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது. வெளியே பளபளவென்று இருந்த பைப் உள்ளுக்குள் காகிதமாகியிருந்தது.

அந்த கேட்டில் பற்றவைத்த இடம் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. இந்த எட்டு வருடத்தில் கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மொட்டைமாடிக் கொட்டகை, மறுபடியும் ஒரு கேட் என்று இரண்டு வெல்டர்களிடம் வேலை வாங்கியிருக்கிறேன். எதிலும் வெல்டிங் விட்டுப்போனதில்லை. கெட்டதெல்லாம் பற்றவைப்பதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் நடந்த வேலையில்தான். ஆள் தேடும்போது நானும் எல்லோரையும் போல "நன்றாக வெல்டிங் பண்ணுவாரா?" என்றுதான் விசாரித்தேன். பெயிண்ட் எப்படி அடிப்பார் என்று விசாரித்திருக்க வேண்டும்.

முதல் வெல்டர் சதுர அடிக் கணக்கில் விலை சொன்னார். கணக்கு சுலபமாக இருந்ததால் சரி என்றேன். சதுர அடிக் கணக்கில் இரும்பு குறையக் குறைய அவருக்கு லாபம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 40க்கு 40 மி.மீ. ஸ்கொயர் பைப், 6 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். தகடு 2 மி.மீ. கனம் என்றால் ஒரு பைப் சுமார் 14 கிலோ வரும். 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. என்றால் 9 கிலோதான். முனையை மூடிப் பெயிண்டும் அடித்துவிட்டால் வெளியிலிருந்து இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எனக்கு வந்தது 18 கேஜ்.

இரண்டாவது வெல்டர் கிலோக் கணக்குக்காரர். அதில் ஆசை எதிர்ப்பக்கம் இழுக்கும். கிரில்லில் இங்கே ஒரு பட்டை வைத்தால் அழகாக இருக்கும், அங்கே ஒரு வளைவு போடலாம் என்று யோசனை வந்துகொண்டே இருக்கும், எடையும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் வேலை தொடங்கும் முன்பே படம் வரைந்து, கம்பி எத்தனை, எந்தக் கனம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். எடையை நாமே போட்டுப் பார்த்துவிடலாம். 12 மி.மீ. சதுரக் கம்பி மீட்டருக்கு 1.13 கிலோ. உருண்டைக் கம்பிக்கு மி.மீ. அளவை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டர் எடை வந்துவிடும். 12 மி.மீ.க்கு 0.89 கிலோ. தராசில் வைக்கும்போது நானும் கூட நின்றேன். கீல், தாழ்ப்பாள் இரண்டும் தனிக் கணக்கு. என்னைக் கேட்டால் கிலோக் கணக்குதான் நல்லது. ஆனால் கையில் படம் இருக்க வேண்டும்.

கிரில் வேலையில் இரண்டு விஷயம் பிடிவாதமாகக் கேட்டேன். ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி சின்னக் கதவு வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வேறு வழி இல்லை. வெல்டர் முகம் சுளித்தார், செய்துகொடுத்தார். அப்புறம், கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற அளவு அதற்கு மேல்தான் தொடங்கும். மாடிப்படிக்கும் இதே அளவுதான். படுக்கைவாட்டில் கம்பி வைத்த கைப்பிடி படத்தில் அழகாக இருக்கும், குழந்தைக்கு ஏணியாகிவிடும்.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடியில்தான் நன்றாக ஏமாந்தேன். 304 என்கிற ரகம் என்று பேசினோம். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று யாரோ சொன்னதை நம்பிக் காந்தத்தோடு போய் நின்றேன். ஒட்டவில்லை, நிம்மதி. 202 என்கிற ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பது பிறகுதான் தெரிந்தது. 202-இல் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீசு நிரப்புகிறது. ஈரத்தைத் தாங்கும் சக்தியும் அதற்கேற்பக் குறைவு. துளி விட்டுப் பார்க்கிற சோதனைத் திரவம் விற்கிறார்கள். காந்தத்தை விட்டுவிட்டு அதை வாங்கியிருக்கலாம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிடி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். பாதிக் காரணம் பைப், மீதிக் காரணம் கிரைண்டிங் வீல். சாதா இரும்பைத் தேய்த்த வீலாலேயே எஸ்.எஸ்.ஸையும் வெல்டர் தேய்த்திருக்கிறார். அந்த இரும்புத் துகள் மேலே பதிந்து துருப்பிடிக்கும். பிக்லிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசையைப் பூசிக் கழுவியதும் பெரும்பாலும் போய்விட்டது. இருந்தாலும் எஸ்.எஸ். வேலைக்கு இனி அது மட்டுமே செய்கிறவரிடம்தான் போவேன்.

இரண்டாவது கேட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், நான் கற்றதெல்லாம் அங்கேதான். இரண்டாவது வெல்டர் சட்டத்தைத் தரையில் பரப்பி, நான்கு மூலையிலும் சின்னதாக ஸ்பாட் மட்டும் அடித்தார். டேப்பை எடுத்துக் குறுக்காக இரண்டு மூலைவிட்டமும் அளந்தார். 11 மி.மீ. வித்தியாசம். தட்டிச் சரிசெய்து, இரண்டும் ஒன்றான பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூலையில் முடிக்காமல் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி அடித்தார். ஒரே பக்கம் சூடேறினால் ஆறும்போது சட்டத்தை அந்தப் பக்கமே இழுத்துவிடும். முதல் வெல்டர் டேப்பை எடுத்து நான் பார்த்ததில்லை. அந்த கேட்டில் தாழ்ப்பாள் போடக் காலால் ஒரு உதை விட வேண்டும்.

அடிப்பைப்புக்கு வந்தபோது கேட்டேன்: "அண்ணே, இந்த முனையை மூடிடுவீங்கல்ல?"

"மூடினா மட்டும் போதாது சார். அடியில ஓட்டை விடணும்."

விளக்கமும் சொன்னார். எவ்வளவுதான் மூடினாலும் வெல்டிங்கில் ஊசித் துவாரம் எங்காவது இருந்துவிடும். பகலில் சூடாகி விரிந்த உள்காற்று, மழையில் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் துவாரம் வழியாக ஈரத்தை உறிஞ்சும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. அடியில் 6 மி.மீ.யில் இரண்டு துளை போட்டார்.

வெல்டிங் மேல் படிகிற கசடைச் சுத்தியால் தட்டிய கையோடு பட்டி பூசிவிடுகிறவர்கள் உண்டு. பட்டிக்கு அடியில் முழு வெல்டிங் இருக்கிறதா, வெறும் ஸ்பாட்தானா என்று அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. பட்டிக்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். எனக்காக அவர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு என்கிற துரு தடுக்கும் அடிப்பூச்சு அடித்தார். சுவரோடு ஒட்டப்போகிற பக்கத்துக்கு மாட்டும் முன்பே இரண்டு கோட். மாட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது.

கொட்டகை ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. துருவே பிடிக்காது என்று வாங்கினேன், பற்றவைத்த இடத்தில் முதலில் பிடித்தது. அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துத்தநாகப் பெயிண்ட் தொட்டுவைக்க வேண்டும். எரியும்போது வருகிற வெள்ளைப் புகை வெல்டருக்கும் ஆகாது, சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். வெட்டவெளியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

புகையாவது அவர் பாடு. கண் நம் பாடு. "ஒரு நொடிதானே" என்று நாலைந்து தடவை வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன். அப்போது ஒன்றுமில்லை. நடுராத்திரியில் கண்ணுக்குள் மணலைக் கொட்டிய மாதிரி எரிச்சல், தாரைதாரையாக நீர். டாக்டர், சொட்டு மருந்து, அடுத்த நாள் மாலைக்குள் சரி. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒளியும் ஆகாது, பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

பிள்ளைகளை அனுப்பினேன், ஜன்னல் கண்ணாடியை மூட மறந்தேன். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டு உருகி உட்கார்ந்துகொண்டது. சுரண்டினால் குழி, விட்டால் கறுப்புப் புள்ளி. இன்றைக்கும் இருக்கிறது.

சொன்ன தேதிக்கு இரண்டு பேருமே வந்ததில்லை. ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் என்று வைத்துக்கொண்டேன், கோபம் குறைந்தது. முன்பணமாக இரும்பு வாங்கும் அளவுக்கு மட்டும் கொடுத்து, கடைசித் தவணையைப் பெயிண்ட் முடியும்வரை நிறுத்தி வைத்ததும் வேலை செய்தது. கேட்டை மாட்டிய மறுநாளே இன்னொரு வீட்டு வேலைக்குப் போனவர், பாக்கிக்காகவே இரண்டாவது கோட் அடிக்கத் திரும்பி வந்தார்.

இரண்டாவது கேட்டுக்கு இப்போது நான்கு வயது. போன மழையில் குனிந்து பார்த்தேன். ஒரு துளையிலிருந்து தெளிவாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எறும்பு மண் வைத்து அடைத்திருந்தது. அதே ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டு உள்ளே வந்தேன்.