"அம்மாக்களுக்கு 10,000 டாலர்" விளம்பரமா? எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்

அமெரிக்காவில் தனியாளாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போக நினைக்கும் பெண்கள் ஒரே வலையில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். 2009 வாக்கில் "அம்மாக்கள் படிக்க வேண்டும் என்கிறார் ஒபாமா" என்று, அம்மாக்களுக்கு 10,000 டாலர் படிப்பு உதவித்தொகை தருவதாக ஓடிய விளம்பரம் இன்று வேறு முகத்தோடு வருகிறது. அப்படியொரு அரசுத் திட்டம் அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

விளம்பரத்தைத் தட்டினால் வரும் படிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வருமானம் கேட்க மாட்டார்கள், மதிப்பெண் கேட்க மாட்டார்கள். பெயர், கைபேசி எண், என்ன படிக்க ஆசை, எப்போது சேரலாம், அவ்வளவுதான். அங்கே சரக்கே உங்கள் எண்தான். லாபத்துக்கு நடத்தப்படும் கல்லூரிகள் அதை விலைக்கு வாங்குகின்றன. அனுப்பும் பொத்தானுக்குக் கீழே, எங்கள் கூட்டாளிகள் அழைக்கலாம் என்று நீங்கள் சம்மதித்ததாகப் பொடி எழுத்தில் இருக்கும். சில நிமிடங்களில் போன் வரும். "உங்களுக்கு உதவி கிடைத்துவிட்டது மேடம், திங்கட்கிழமை வகுப்பு, இரண்டு இடம்தான் பாக்கி" என்பார்கள். ஃபாஃப்ஸா எனும் மத்திய அரசு கல்வி உதவி விண்ணப்பத்துக்கான கணக்கின் கடவுச்சொல்லையும் பேச்சோடு பேச்சாக வாங்கிக்கொண்டு, "நாங்களே நிரப்புகிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார்கள்.

அந்தக் கையெழுத்துகளில் ஒன்று மாஸ்டர் பிராமிசரி நோட், அதாவது கடன் பத்திரம். ஒருமுறை போட்டால் 10 ஆண்டு வரை செல்லும். பிள்ளை வைத்திருப்பவர் முதல் ஆண்டிலேயே 9,500 டாலர் வரை மத்திய அரசுக் கடன் வாங்க முடியும். உதவித்தொகை என்று நம்பியதில் பெரும்பகுதி கடனாக நிற்பது இப்படித்தான்.

பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நடுவில் நிற்க நேர்ந்தால் அடி இன்னும் பலம். பருவத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டுவதற்கு முன் விலகினால், இருந்த நாட்களுக்கான உதவிதான் உங்களுடையது. 15 வாரப் பருவத்தில் நான்காவது வாரக் கடைசியில் நின்றால் சுமார் 27 விழுக்காடு. மீதியைக் கல்லூரி அரசுக்குத் திருப்பிக் கட்டிவிட்டு, கட்டணத்தை உங்கள் தலையில் எழுதும். அந்தப் பாக்கி தீரும்வரை பல கல்லூரிகளில் மேற்கொண்டு பாடம் பதிவு செய்ய விடமாட்டார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் உதவித்தொகைக்கு வாழ்நாளில் 12 பருவம்தான் கணக்கு. வேறு கல்லூரி ஏற்காத பாடங்களில் அதைக் கரைத்துவிட்டால் திரும்பி வராது.

நேர்வழிக்கு ஒரு காசு செலவில்லை. ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் தளத்தில் ஃபாஃப்ஸாவை நீங்களே நிரப்புங்கள். பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் உங்களுடையது என்றால், வயது எதுவானாலும் உங்கள் பெற்றோரின் வருமானத்தைக் கேட்க மாட்டார்கள். தனியாக வளர்ப்பவரின் வருமானம் அந்தக் குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டில் 225 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் முழு பெல் தொகை; 2025-26இல் 7,395 டாலர். அப்பாக்களுக்கும் இதே கணக்குதான். பொதுவாக அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்; வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் இருப்பவருக்கு மத்திய அரசு உதவி இல்லை. அவரிடம் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். ஃபாஃப்ஸாவில் தெரிந்தே பொய் எழுதினால் 20,000 டாலர் வரை அபராதமோ சிறையோ கையெழுத்துப் போட்டவருக்கும் வரலாம்; வேறொருவர் நிரப்பினார் என்று தப்ப முடியாது.

அண்மையில் விவாகரத்தானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபாஃப்ஸா இரண்டு ஆண்டு பழைய வரிக் கணக்கை எடுக்கும்; 2026-27க்கு 2024ஆம் ஆண்டுக் கணக்கு. அதைக் கணவரோடு சேர்ந்து தாக்கல் செய்திருந்தால் அவர் சம்பளத்தை நீங்கள் பிரித்துக் காட்ட வேண்டும். இப்போது வேலையோ வருமானமோ போயிருந்தால், கல்லூரி உதவி அலுவலகத்தில் "புரொஃபெஷனல் ஜட்ஜ்மெண்ட்", அதாவது இப்போதைய நிலைமையைப் பார்த்து உதவிக் கணக்கை மாற்றும் மறுபரிசீலனை, வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தீர்ப்பு நகல், சம்பளச் சீட்டு கையில் இருக்கட்டும். குழந்தைக் காப்பகச் செலவையும் படிப்புச் செலவில் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காதவருக்குப் பெரும்பாலும் யாரும் சேர்ப்பதில்லை.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடன் பணம் வந்து 120 நாளுக்குள் என்றால் வட்டியில்லாமல் திருப்பிவிடலாம். வகுப்பை விடுவதற்கு முன் 60 விழுக்காடு எந்தத் தேதியில் முடிகிறது என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வையுங்கள்.