பி.ஏ. பிரெஞ்சா, வேறு டிகிரியோடு அலியான்ஸா, நேராக பிரான்ஸா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "பிள்ளைக்கு பிரெஞ்சு நன்றாக வருகிறது, அதையே மேஜராக எடுக்கலாமா?" நன்றாக வருகிறது என்றால், பள்ளியில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்து 98 வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த மார்க்கை முதலில் ஓரமாக வைத்துவிடுவது நல்லது. பிரெஞ்சுத் தாளில் அள்ளிக் குவித்தவர்களில் பலருக்கு ஒரு காபி கேட்கக்கூட நாக்கு எழாது. குறை பிள்ளைகளிடம் இல்லை, தாள் அமைந்த விதம் அப்படி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு ஒரு மொழி கையில் இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு பி.ஏ. பிரெஞ்சு சுற்று வழி. பிரெஞ்சில் படிக்கவும் எழுதவும் கற்பிக்கவும் மொழிபெயர்க்கவும் ஆசைப்படுபவர்களுக்கு அதற்கு மாற்று இல்லை. குழப்பமெல்லாம் முதல் வகையினர் இரண்டாம் வகையினரின் வகுப்பில் போய் உட்காருவதால் வருவது.

சரி, பி.ஏ. வகுப்பில் என்னதான் நடக்கிறது? தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வழக்கப்படி பார்ட் ஒன் (மொழிப்பாடம்), பார்ட் டூ (ஆங்கிலம்), அலைடு (துணைப்பாடம்) என்று ஒரு பங்கு நேரம் போய்விடும். மிச்சமிருக்கும் மேஜர் தாள்களில் இலக்கணம், பிரான்ஸ் நாட்டு வரலாறும் வாழ்முறையும், நூற்றாண்டு வாரியாக இலக்கியம், மொழிபெயர்ப்பு, ஆப்பிரிக்கா, கரீபியன் பக்கத்து பிரெஞ்சு எழுத்து ஆகியவை வரும். பாடத்திட்டத்தைத் தாளில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். சிக்கல் முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். வினைச்சொல்லை இறந்தகாலத்தில் ஒழுங்காக மாற்றத் தெரியாதவர் கையில் 17-ஆம் நூற்றாண்டு நாடகத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? சீனியரின் நோட்ஸை வாங்கி மனப்பாடம் செய்வார். தேர்விலும் "இந்தப் பாத்திரத்தின் குணங்களை விவரி" என்றுதான் வரும். நோட்ஸ் பாஸ் பண்ணிவிடும், மாணவர் அதே இடத்தில் நிற்பார். மொழித்திறனை ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை ஆறு நிலையாகப் பிரிப்பார்கள். மூன்றாண்டு முடித்து நடுவிலுள்ள பி1 நிலையைத் தாண்டாதவர்களும் உண்டு, அதே வகுப்பில் இருந்து சி1 தொட்டவர்களும் உண்டு. பட்டச் சான்றிதழைப் பார்த்து யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது. கம்பெனிகள் தனியாக டெஸ்ட் வைப்பது இதனால்தான்.

டெல்ஃப் தேர்வில் இப்படித் தப்பிக்க வழியில்லை. இது பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் தரும் சான்றிதழ். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். ஏ1 முதல் பி2 வரை டெல்ஃப், அதற்கு மேலே சி1, சி2 இரண்டும் டால்ஃப். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தத்தில் 50 எடுக்க வேண்டும், எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது. பி2 பேச்சுத் தேர்வைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சீட்டு எடுப்பீர்கள், அதில் செய்தித்தாளில் வருவது மாதிரி ஒரு சிறு பகுதி இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது, பள்ளியில் செல்போன் தடை, இப்படி ஏதாவது. தயாராக 30 நிமிடம். பிறகு தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து உங்கள் கட்சியை எடுத்துவைக்க வேண்டும். அவர்கள் வேண்டுமென்றே மறுப்பார்கள், நீங்கள் விட்டுக்கொடுக்காமல், கோபப்படாமல் வாதாட வேண்டும். ஏறக்குறைய 20 நிமிடம். எந்த நோட்ஸும் அங்கே கைகொடுக்காது.

பி2 நிலைக்கு வர வகுப்பறை நேரமாக 560 முதல் 650 மணி என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். பி.காம்., பி.எஸ்சி. என்று எதைப் படித்துக்கொண்டும் மாலையிலோ சனி ஞாயிறிலோ அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு கற்பிக்கும் அமைப்பின் வகுப்புக்குப் போனால் மூன்று ஆண்டில் தொட்டுவிடக் கூடிய தூரம்தான். சென்னையில் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் இருப்பது 1953-இல் தொடங்கியது. புதுச்சேரி அலியான்ஸ் அதைவிடப் பழையது, 1889. பாரிஸில் தாய் அமைப்பு தொடங்கி ஆறே ஆண்டில் இங்கே கிளை வந்துவிட்டது. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுவது பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இடையில் நின்றாலும் அதுவரை வாங்கிய ஏ2, பி1 கையில் இருக்கும். பி.ஏ.-வில் அரியரோடு நின்றால் கையில் ஒன்றுமில்லை.

வேலைச் சந்தையும் வேறு டிகிரி, அதோடு பிரெஞ்சு என்ற இந்தக் கூட்டணிக்குத்தான் சாதகம். சென்னையைச் சுற்றி பிரெஞ்சு நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஒரகடத்தில் ரெனோ, ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன், தேர்வாய் கண்டிகையில் மிஷலின், நகருக்குள் பிஎன்பி பரிபா வங்கியின் பேக் ஆபீஸ். ஆனால் அவர்கள் தேடுவது கணக்கு தெரிந்தவர், இன்ஜினியர், சாஃப்ட்வேர் ஆள். பிரெஞ்சும் தெரிந்தால் கூடுதல் மதிப்பு. பிரெஞ்சு மட்டுமே தெரிந்தவருக்கு இருந்த கதவு கஸ்டமர் சப்போர்ட்டும் சாதாரண ஆவண மொழிபெயர்ப்பும். அதிலும் இரண்டாவது கதவை மெஷின் மொழிபெயர்ப்பு முக்கால்வாசி சாத்திவிட்டது. இன்வாய்ஸையும் யூசர் மேனுவலையும் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற இனி யாரும் ஆளைத் தேடப்போவதில்லை. மெஷின் போட்டதைச் சரிபார்க்கத்தான் கூப்பிடுவார்கள். அதற்கான கூலியும் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும் மேஜர் எதற்கு என்றால், அலியான்ஸ் வகுப்பு தராத ஒன்றை அது தருகிறது. பாடப்புத்தக பிரெஞ்சில் எல்லோரும் வீடு தேடுவார்கள், விடுமுறைக்குப் போவார்கள், குப்பையைத் தரம் பிரிப்பார்கள். 1905-இல் மதத்தையும் அரசையும் பிரித்துச் சட்டம் போட்டது ஏன், பள்ளியில் தலைமுக்காடுக்கு 2004-இல் வந்த தடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு, 1962 வரை நடந்த அல்ஜீரியப் போர் இன்றைக்கும் அங்கே ஏன் ஆறாத புண், மார்த்தினிக் தீவுக் கவிஞர் எமே செசேர் காலனியக்காரனின் மொழியிலேயே காலனியத்தை எப்படித் தோலுரித்தார்: இதையெல்லாம் மூலத்திலேயே வாசித்து, எதிர்வாதம் செய்து, எழுதிப் பழக மூன்று ஆண்டு வேண்டும். பி2 வாங்கியவர் பிரெஞ்சுக்காரரோடு பேசிவிடுவார். ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர்கள் ஏன் திடீரென்று குரலை உயர்த்தினார்கள் என்பது அவருக்குப் பிடிபடாது.

ஆகவே மேஜர்தான் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி, எங்கே. தயங்காமல் சொல்வேன்: முதலில் டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) இரண்டுக்கும் முயன்று பாருங்கள். ஜே.என்.யூ.-வின் பி.ஏ. ஆனர்ஸில் அரிச்சுவடியில் இருந்து தொடங்குவார்கள். பள்ளியில் பிரெஞ்சு படிக்காதவரும் சேரலாம். கட்டணம் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், அங்கே மொழிதான் முழுநேர வேலை. நாள் முழுக்க அதே வகுப்புத் தோழர்களோடு திக்கித் திணறியாவது பிரெஞ்சில் பேசியாக வேண்டிய கட்டாயம். அதற்கான நுழைவுத் தேர்வைத்தான் நம் பிள்ளைகள் பலர் எழுதுவதே இல்லை. நீட், ஜேஇஇ தெரிந்த வீட்டில், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் பெயர்கூடத் தெரிவதில்லை.

புதுச்சேரியைப் பற்றி ஒரு மயக்கம் இருக்கிறது. அங்கே போனால் தெருவில் பிரெஞ்சு காதில் விழும் என்று நினைக்கிறார்கள். விழாது, தமிழ்தான் விழும். போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும் 'ரூ' என்று தொடங்கும் தெருப்பலகையும் இலக்கணம் சொல்லித்தராது. ஆனால் ஆய்வு நோக்கம் உள்ளவருக்கு அந்த ஊர் வேறு மாதிரி. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம், ஆசிய நாகரிகங்களை ஆராயும் பிரெஞ்சு அமைப்பான தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் மையம், பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுத் துறை எல்லாம் ஒரே ஊரில். பரிபாடலை பிரெஞ்சில் தந்த பிரான்சுவா க்ரோ போன்றவர்கள் வேலை பார்த்த இடம் அது. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பையும் அதே காலத்து பிரெஞ்சுக் கம்பெனிக் கடிதங்களையும் அருகருகே வைத்து வாசிக்க, இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

தமிழ்-பிரெஞ்சு என்ற ஜோடிதான் நம் ஊர் மேஜர் மாணவரின் உண்மையான பலம். அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. நம் வகுப்புகளில் மொழிபெயர்ப்பு என்றாலே பிரெஞ்சு-ஆங்கிலம் என்று ஆகிவிட்டது. வெ. ஸ்ரீராம் மாதிரி நேரடியாக பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் வரிசை மிகச் சிறியது, மறுதிசையில் இன்னும் சிறியது. இதில் சம்பளம் உண்டா என்றால், தனியாக உண்டு குடித்து வாழும் அளவுக்கு இல்லை. ஆசிரியர் வேலையோ ஆய்வு உதவித்தொகையோ பக்கத்தில் வேண்டும். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷாப்பேல் பக்கம் தமிழ்-பிரெஞ்சு வாய்மொழிபெயர்ப்புக்குத் தேவை உண்டுதான். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளோடு நீங்கள் போட்டியிட வேண்டும். உச்சரிப்பில் அவர்களை ஜெயிப்பது கஷ்டம்.

ஆசிரியர் வேலை என்றதும் ஒன்று. பி.ஏ., எம்.ஏ., பி.எட். முடித்தால் சி.பி.எஸ்.இ. பள்ளியில் இடம் உறுதி என்ற காலம் மெல்ல ஆட்டம் காண்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கைப்படி மூன்று மொழிகளில் இரண்டு இந்திய மொழியாக இருக்க வேண்டும். ஆங்கிலம் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டால் பிரெஞ்சுக்கு எங்கே இடம்? கல்லூரி ஆசிரியராக நெட் தேர்வில் பிரெஞ்சு ஒரு பாடமாக இருக்கிறது, அந்த வழியில் போகிறவர் எம்.ஏ.-வோடு நிற்காமல் பிஎச்.டி. வரை மனதில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

நேராக பிரான்ஸுக்கே போய்ப் படித்தால்? ப்ளஸ் டூ முடித்த உடனே என்றால் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. அங்கே பிரெஞ்சு இலக்கியப் பட்டம் என்பது அந்த நாட்டுப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழி இலக்கியத்தைப் படிப்பது. நம் ஊரில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் பி.ஏ. தமிழில் சேர்ந்து முதல் வாரமே யாப்பிலக்கண வகுப்பில் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். சேர பி2 கேட்பார்கள், சமாளிக்க அது போதாது. கொடுத்த தலைப்பை வாதம், எதிர்வாதம், இணைப்பு என்று மூன்றாகப் பிரித்து மணிக்கணக்கில் எழுதும் அவர்களுடைய கட்டுரைமுறைக்கே தனிப் பயிற்சி வேண்டும். செலவும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை 2019-இல் இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, மாஸ்டருக்கு 3,770 யூரோ என்று உயர்த்தினார்கள். பிறகு அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. சலுகை தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். விசாவுக்கு மாதம் 615 யூரோவாவது காட்ட வேண்டும், பாரிஸில் அது வாடகைக்கே பற்றாது. ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்ய அனுமதி இருப்பது மட்டும் ஆறுதல். மாஸ்டருக்குப் போவது வேறு கதை. இங்கே பி.ஏ. முடித்து சி1 கையில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டவருக்கு பிரெஞ்சு கற்பிக்கும் படிப்புக்கோ மொழிபெயர்ப்புக்கோ போகிறவர் கொடுத்த காசுக்குப் பலன் பார்ப்பார். 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் என்று அதிபர் மக்ரோன் இலக்கு வைத்திருப்பதால் கதவு இப்போதைக்குத் திறந்தே இருக்கிறது.

அப்புறம் கனடாவில் குடியேறுவது. பி.ஏ. பிரெஞ்சு விசாரிப்பவர்களில் ஒரு பங்கினர் மனதில் இருப்பது இதுதான், வெளியில் சொல்ல மாட்டார்கள். புள்ளி பார்த்துக் குடியேற்றம் தரும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுக்குக் கூடுதலாக 50 புள்ளி வரை கிடைக்கும், 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றும் நடக்கிறது. ஆனால் அதற்கு பி.ஏ. பட்டம் காட்டிப் பயனில்லை, டெல்ஃப்கூடச் செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற தனி பிரெஞ்சுத் தேர்வு எழுத வேண்டும். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். அந்தக் கணக்கில் இருப்பவர்கள், விண்ணப்பிக்கும் ஆண்டைப் பார்த்துத் தேர்வுத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே எழுதி வைத்தால் டிகிரி முடிவதற்குள் காலாவதியாகிவிடும்.