அடுத்த 911: பின்னிருக்கையில் நடக்கும் வழக்கு

போர்ஷே 911 காரின் பின்னிருக்கையில் வளர்ந்தவர்கள் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. தலை கூரையில் இடிக்கும். முழங்கால் முன்னிருக்கையின் முதுகில் முட்டும். சிறு பிள்ளைகளுக்கும், ஒரு தோள்பைக்கும், கழற்றிப்போட்ட கோட்டுக்கும் மட்டுமே அங்கே இடம். ஆனாலும் அடுத்த தலைமுறை 911 எப்படி இருக்கும் என்ற ஊகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், வழக்கு கடைசியில் வந்து நிற்பது அந்த இரண்டு குட்டி இருக்கைகளின் முன்னால்தான்.

இப்போதைய 992 தலைமுறை 2018 நவம்பரில் அறிமுகமானது. 2024 மே மாதம் பெரிய திருத்தம் ஒன்றைக் கண்டது. இதற்கு அடுத்து வருவது பற்றி நான்கு கட்சிகள் உண்டு. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டை விரிவாக்குவார்கள் என்பது முதல் கட்சி. எஞ்சினை நடுவுக்குக் கொண்டுவருவார்கள் என்பது இரண்டாவது. முழு மின்சாரக் காராக்கிவிடுவார்கள் என்பது மூன்றாவது. எதையும் தொடாமல் செயற்கை எரிபொருளை ஊற்றிக் காலம் தள்ளுவார்கள் என்பது நான்காவது.

நான்காவதை முதலிலேயே அனுப்பிவிடலாம். சிலியின் தென்கோடியில், புந்தா அரேனாஸ் அருகே உள்ள ஹாரு ஓனி ஆலையில் காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதைக் கரியமில வாயுவுடன் சேர்த்து மெத்தனாலாக்கி, மெத்தனாலைப் பெட்ரோலாக்குகிறார்கள். 2022 டிசம்பரில் ஆலை தொடங்கியபோது அந்த எரிபொருளை ஒரு 911இல் ஊற்றிக் காட்டினார்கள். அழகான காட்சிதான். ஆனால் இத்தனை கைமாறி வரும் ஆற்றலில் சக்கரத்தை எட்டுவது, அதே மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றி ஓட்டுவதைவிட மிகக் குறைவு. தவிர, இந்த எரிபொருளை ஹைபிரிட் காரிலும் ஊற்றலாம். ஆகவே இது போட்டியாளரே இல்லை. யார் ஜெயித்தாலும் கூடவே வரக்கூடிய துணை.

மற்ற மூன்றையும் எடைபோட, எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1963இல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் இந்தக் கார் வந்தது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பியூஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆனது. சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் பின் அச்சுக்கும் அப்பால் தொங்குகிறது. மொத்த எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பின் சக்கரங்களின் மேல். வளைவிலிருந்து வெளியே பாயும்போது அந்த எடை டயரைத் தரையோடு அழுத்துகிறது. பிரேக் பிடிக்கும்போதும் பின் டயர்களுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், அதே எடை ஊசல்குண்டுபோல வெளிப்பக்கம் வீசுகிறது.

இந்தக் குணத்தை அடக்க போர்ஷே செய்தவை ஒரு தனி வரலாறு. 1960களில் முன் பம்பரின் முனைகளுக்குள் எடைக்கட்டிகளை ஒளித்துவைத்தார்கள். பிறகு 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான அச்சிடைத் தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 2011இல் வந்த 991 தலைமுறையில் மேலும் 100 மில்லிமீட்டர். எஞ்சினை முன்னே தள்ளுவதற்குப் பதிலாகப் பின் சக்கரங்களை எஞ்சினை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். முழுசாக நடுவுக்கே போய்விடலாமே என்று இரண்டாம் கட்சி கேட்பது இந்தப் போக்கைப் பார்த்துத்தான்.

அந்தக் கட்சியிடம் வலுவான சாட்சிகள் இருக்கின்றன. 1996இன் 911 ஜிடி1 பந்தயக் காரில் எஞ்சின் பின் அச்சுக்கு முன்னால் இருந்தது. 2017 பந்தய ஆண்டுக்காக வந்த 911 ஆர்எஸ்ஆரிலும் அப்படியே. வாலுக்கு அடியில் காற்றை வழிநடத்தும் பெரிய டிஃப்யூசருக்கு இடம் வேண்டியிருந்தது. முன்புறமே எஞ்சின் வைத்திருந்த ஷெவர்லே கார்வெட்டும் 2020 மாடலில் நடுவுக்கு மாறிவிட்டது; அதன் பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்களே தவிர உலகம் அழிந்துவிடவில்லை. ஆனால் கார்வெட் இரண்டு பேர் வண்டி. அதற்கு இழக்கப் பின்னிருக்கை இல்லை. 911இல் எஞ்சின் ஒரு முழம் முன்னே வந்தால் அந்தக் குட்டி இருக்கைகளை விழுங்கிவிடும். மிஞ்சுவது விலை கூடிய கேமன், அதாவது 718 வரிசையில் வந்த நடு எஞ்சின், இரண்டு இருக்கை போர்ஷே. நடு எஞ்சின் போர்ஷே வேண்டுமென்றவர்களுக்கு அந்த வரிசை முன்பே இருந்ததே! பந்தயத்துக்குச் சரியான விடை சாலைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாடிக்கையாளர் அணிகளுக்கு விற்கும் ஜிடி3 ஆர் பந்தயக் காரே இன்றும் பின் எஞ்சினோடுதான் ஓடுகிறது.

மின்சாரக் கட்சியின் முதல் சிக்கல் எடை. சாதாரண 911 காரெரா ஏறத்தாழ 1,520 கிலோ. போர்ஷேயின் மின்சாரக் காரான டேகானின் உயர் ரகம் 2019இல் வந்தபோது 2,300 கிலோவைத் தொட்டது. டேகான் நான்கு கதவுள்ள பெரிய கார், ஒப்பீடு நியாயமில்லை என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியை எங்கே வைப்பது? தரைக்கு அடியில் பரப்பினால் ஓட்டுநர் உயர்வார், அவரோடு கூரையும் உயரும். 911இன் உருவத்தில் கைவைக்கவே கூடாத கோடு அந்தக் கூரைதான். 2021இல் காட்டிய மிஷன் ஆர் பந்தய மாதிரியில் போர்ஷே இதற்கு வேறு விடை சொன்னது: சுமார் 80 கிலோவாட்-மணி பேட்டரியை ஓட்டுநருக்குப் பின்னால் அடுக்கியது. தாழ்வாக உட்காரலாம், எடையும் சுமார் 1,500 கிலோவில் நின்றது. ஆனால் ஓட்டுநருக்குப் பின்னால் என்றால் எந்த இடம்? மறுபடியும் அதே இரண்டு இருக்கைகள். எதிரெதிராகப் பேசும் இரண்டாம் கட்சியும் மூன்றாம் கட்சியும் ஒரே சுவரில்தான் முட்டுகின்றன.

சத்தமும் கியரும் இல்லையே என்ற புலம்பலை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹூண்டாயின் மின்சாரக் காரான ஐயானிக் 5 என், போலி கியர் மாற்றத்தையே ரசிக்கும்படி செய்துகாட்டிவிட்டது. சந்தை தயாராக இல்லை என்பதே பெரிய தடை. மின்சாரத்துக்கு மட்டுமே என்று திட்டமிட்ட 718 வரிசையின் அடுத்த தலைமுறையிலும் உயர் ரகங்களுக்குப் பெட்ரோல் எஞ்சின் வரும் என்று 2025 செப்டம்பரில் போர்ஷே பின்வாங்கியது. தம்பிக்கே இந்தத் தயக்கம் என்றால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2035க்குப் பிறகு புதிய கார்கள் புகையே விடக்கூடாது என்ற விதியை 90 சதவீதக் குறைப்பாகத் தளர்த்த ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருப்பதும் இந்தத் தயக்கத்துக்குத் தெம்பு தருகிறது.

இதே நிறுவனம் ஒருமுறை 911ஐ ஓய்வுக்கு அனுப்பவே முடிவுசெய்திருந்தது. வாரிசாக 1977இல் வந்த 928, முன்புறம் வி8 எஞ்சின் கொண்டது, 1978இன் ஐரோப்பிய ஆண்டின் சிறந்த கார் விருதையும் வென்றது. 1981இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் ஷுட்ஸ் அந்த முடிவை ரத்துசெய்தார். 1995இல் 928 போய்விட்டது, 911 இருக்கிறது.

மிஞ்சியது முதல் கட்சி. 2024இல் காரெரா ஜிடிஎஸ் ரகத்தில் வந்த டி-ஹைபிரிட் அமைப்பைப் பார்த்தால், மற்றவர்கள் முட்டிக்கொண்ட சுவரை இது எவ்வளவு சாமர்த்தியமாகச் சுற்றிப்போகிறது என்பது புரியும். பேட்டரி வெறும் 1.9 கிலோவாட்-மணி, சாதாரண ஸ்டார்ட்டர் பேட்டரி அளவுதான். முன்பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது. 40 கிலோவாட் மோட்டார் கியர்பாக்ஸுக்குள்ளேயே அடங்குகிறது. ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சினுக்கு பெல்ட் தேவையில்லை, 3.6 லிட்டர் எஞ்சின் 110 மில்லிமீட்டர் தட்டையாகி, மேலே கிடைத்த இடத்தில் மின்னணுப் பெட்டிகள் ஏறிக்கொண்டன. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இரண்டு இருந்த இடத்தில் ஒன்று; அதையும் ஒரு சின்ன மோட்டார் சுழற்றிவிடுவதால் காத்திருப்பு இல்லை. மொத்தம் 541 குதிரைத்திறன். கூடிய எடை 50 கிலோ. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் ஒரு சுற்றில் முந்தைய ஜிடிஎஸ்ஸை இது 8.7 வினாடி முந்தியது. சார்ஜ் செய்ய பிளக் கிடையாது.

கடைசி வாக்கியத்தில்தான் அடுத்த தலைமுறையின் சண்டை இருக்கிறது. புகை விதிகள் இறுகினால் பிளக் வேண்டும். பிளக் என்றால் பெரிய பேட்டரி. பெரிய பேட்டரி என்றால் மறுபடியும் இடம். இரண்டு டர்போவோடு 2025இல் வந்த டர்போ எஸ் ஹைபிரிட்டே முந்தையதைவிட 85 கிலோ கூடிவிட்டது. என் ஊகம்: பிளக் வராது. முன் அச்சில் ஒரு மோட்டார் வரும். 2010இலேயே 911 ஜிடி3 ஆர் ஹைபிரிட் பந்தயக் காரில் முன் சக்கரங்களுக்கு இரண்டு மோட்டார்களைப் பொருத்திப் பார்த்தவர்கள்தானே. பலியாகப்போவது கையால் மாற்றும் கியர். டி-ஹைபிரிட் ரகங்களில் அது இப்போதே இல்லை. எனக்கு வருத்தம்தான்.

ஒரே ஒரு சின்ன விஷயம் இந்தக் கணக்கைக் குலைக்கலாம். 2024 திருத்தத்தில் 911 கூபே முதன்முறையாக வழக்கமான அமைப்பிலேயே இரண்டு இருக்கையோடு வரத் தொடங்கியது. பின்னிருக்கை வேண்டும் என்று தனியாகக் குறித்துக் கேட்டால் கூடுதல் விலையின்றித் தருகிறார்கள். அடுத்த தலைமுறையின் விலைப்பட்டியல் வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்தக் கட்டத்தைத்தான். அது காணாமல் போயிருந்தால், மேலே தள்ளுபடி செய்த இரண்டு வழக்குகளையும் மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.