இருமினால் ரத்தம்: கொழும்பில் எங்களைப் பார்த்த ஆஸ்பத்திரி

மாமாவைக் காட்டியது கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம், பில்லைப் பற்றியும் சொல்லப்போகிறேன். டொக்டர் முதலில் கேட்டது: ரத்தம் சிவந்து நுரையோடு வந்ததா, கறுத்துச் சாப்பாட்டோடு வந்ததா? கறுத்தது என்றால் பெரும்பாலும் வயிற்றிலிருந்தாம். மூக்கையும் விடாமல் பார்த்தார்.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் பழைய காசநோய்த் தழும்பு. உடனே மிஸ்ஸி (தாதி) மாமாவை வலப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தா, நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காமலிருக்க. அந்த ஒரு வேலைக்கே முழுப் புள்ளி! சளியும் சோதனைக்குப் போனது. சீடி ஸ்கேனில் வீங்கிய ரத்தக்குழாய் தெரிந்தது; தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு அதை அடைத்தார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை, மாமா முழித்துக்கொண்டே கிரிக்கெட் கதைத்தார். திரும்பவும் கசியலாம் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னதும் பிடித்தது.

பில் கவுண்டர்தான் மோசம். தமிழில் விளங்கப்படுத்த ஒருவருமில்லை. கையில் காசு இல்லாதவர்களுக்கு வெலிசறை அரசாங்க நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ரத்தம் நிறைய வந்தால் டொக்டரைப் பார்க்கச் சனல் நம்பர் போட்டுக் காத்திராமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.